சோலைமலை மாமாவுக்கு விழுந்த பரிசு

நன்றி சொல்வதில் சோலைமலை மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. திண்டுக்கல் நாகல் நகர் ஸ்டாண்டில் அவர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி வந்தவர் சரியான சில்லறை கொடுத்தால் நன்றி. டீக்கடையில் டீ சூடாக இருந்தால் நன்றி. ஒருமுறை போலீஸ்காரர் அபராதம் போட்டபோதுகூட, பழக்கதோஷத்தில் "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவது மாமாதான். போன வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பத்து நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓட்டினார். அவள் அம்மா பணம் நீட்டியதற்கு, "குடுத்ததுக்கு நன்றி தங்கச்சி, ஆனா வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டோ மாமாவுடையது இல்லை. வாடகை வண்டி. சொந்தமாக ஒன்று வாங்க, நான்கு வருடமாகத் தபால் ஆபீசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டு வந்தார். முன்பணத்துக்குப் பதினைந்தாயிரம் வேண்டும். அந்த ஆவணி மாதம் அது சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் போய் வண்டி எடுப்பதாக இருந்தார்.

இது நடந்தது 2006இல். போனில் படம் அனுப்புகிற வசதியெல்லாம் அவர்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, தன் குழந்தையின் போட்டோக்களை அனுப்புவதற்காகவே மாமா ஓர் ஈமெயில் முகவரி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேகம்பூரில் சேக் பரீது பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்ப்பார். மாமாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஜெஸ்ஸியும் கூடப் போவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோ எதுவும் வரவில்லை. ஒரு கடிதம் வந்திருந்தது.

ஜெஸ்ஸி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "மாமா, இங்கிலாந்துல இருந்து வந்திருக்கு. உங்களுக்கு லாட்டரில அம்பது லட்சம் ரூபா விழுந்திருக்காம்."

மாமா எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். "இன்னொருக்கா வாசி பாப்பா."

அவள் இன்னொரு முறை வாசித்தாள். அதே ஐம்பது லட்சம்தான். பணத்தை அனுப்பி வைக்கும் செலவுக்கு முதலில் பதினாலாயிரம் கட்ட வேண்டும், விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

"நீங்க எப்ப மாமா லாட்டரி வாங்குனீங்க? நம்ம ஊர்லதான் லாட்டரியவே நிறுத்திட்டாங்களே?"

"நான் எங்க வாங்குனேன். அவுகளாப் பாத்துக் குடுக்குறாக. முகந்தெரியாத மனுசனுக்கு நம்ம மேல எம்புட்டுப் பிரியம் பாரு." மாமாவின் கண் கலங்கிவிட்டது. "உடனே நன்றி சொல்லணும். எழுது பாப்பா."

அவர் சொல்லச் சொல்ல, ஜெஸ்ஸி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினாள். 'பெருமதிப்புக்குரிய ஐயா, நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் நல்லா இருக்க வேண்டும். வீட்டு விலாசம் கொடுத்தால் ஒரு நல்ல திண்டுக்கல் பூட்டும், ஒரு தார் சிறுமலை வாழைப்பழமும் அனுப்பி வைக்கிறேன்.'

"வாழைப்பழம் இங்கிலாந்து போறதுக்குள்ள அழுகிடாதா மாமா?"

"காயாப் பாத்து அனுப்புவோம்."

அடுத்த மூன்று நாளும் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. வயதானவர்களிடம் காசு வாங்கவில்லை. வேகத்தடைக்குக்கூட நன்றி சொல்வார் போல இருந்தது. ஜெஸ்ஸிக்கு மட்டும் மனசு சரியில்லை. ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் போய் என்னவென்று சொல்வது?

புதன்கிழமை இருவரும் சென்டருக்குப் போய்ப் பார்த்தபோது பதில் வந்திருந்தது. அதில் விலாசமும் இல்லை, வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சனிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் பரிசு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மட்டும் இருந்தது. கட்ட வேண்டிய பேங்க் கணக்கு எண்ணும் இருந்தது.

"பழம் பிடிக்காது போல, பாவம்" என்றார் மாமா. "வெள்ளிக்கிழமை காலையில தபால் ஆபீஸ்ல பணத்தை எடுத்துக் கட்டிருவேன்."

ஜெஸ்ஸிக்குப் பகீரென்றது. அது வண்டிப் பணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெஸ்ஸி வீட்டில் குலுக்கல் சீட்டு. தெருவில் பன்னிரண்டு பெண்கள் மாதாமாதம் பணம் போடுவார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பேர் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுப்பார்கள். யார் பேர் வருகிறதோ, அந்த மாதப் பணம் அவருக்கு. எடுக்கும் கை எப்போதும் ஜெஸ்ஸியுடையது.

தெருவுக்குப் புதிதாக வந்திருந்த சின்னக்கண்ணு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "பாப்பா, என் பேரா எடு" என்றார்.

"உன் பேருதான் சொம்புலயே இல்லையே, அப்புறம் எப்படி வரும்?" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. கையைச் சொம்புக்குள் விட்டபடி அப்படியே நின்றாள்.

"எடுத்துத் தொலை, பால் பொங்கிரும்" என்றார் அம்மா.

எடுத்தாள். ராமுத்தாய் அக்கா பேர் வந்தது. அம்மா தெருமுனைக்குக் கேட்கும்படி அதை வாசித்தார். சீட்டு நடத்துவதற்கான நூறு ரூபாயைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை ராமுத்தாய் அக்கா கையில் கொடுத்தார்.

ஜெஸ்ஸி ஓடினாள். மாமா வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, லாட்டரில உங்க பேர எழுதிப் போட்டது யாரு?"

"யாராவது நல்ல மனுசனா இருக்கும்."

"எங்க சீட்டுல பேர் போடாதவுகளுக்கு விழாது மாமா. விழுந்தா எல்லாருக்கும் கேக்க வாசிப்பாக. இவுக மட்டும் ஏன் யார்கிட்டயும் சொல்லாதங்குறாக?"

மாமா துணியைக் கீழே வைத்தார். "பாப்பா, குடுக்குற மனுசனச் சந்தேகப்பட்டா அது நன்றிகெட்டத்தனம். அந்தப் பேச்சு வேணாம்."

இனிமேல் எதிர்த்துப் பேசினால் மாமா காதில் ஏறாது என்று ஜெஸ்ஸிக்குத் தெரிந்தது. சற்று யோசித்தாள்.

"சரி, சந்தேகப்பட வேணாம். ஒரே ஒரு உதவி மட்டும் கேப்போமா? அம்மா நூறு ரூபாயக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் குடுத்தாக. அதே மாதிரி இவுகளும் பதினாலாயிரத்தைப் பரிசுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பட்டும்."

மாமா தாடையைச் சொறிந்தார். "கேக்குறதுல தப்பில்லையே. ஏறு வண்டியில."

பேகம்பூரில் அந்த ஈமெயிலை அனுப்பிவிட்டு, செத்த நேரம் இருந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

"கழிக்க முடியாதாம் மாமா. வேணும்னா இப்போதைக்கு ஏழாயிரம் மட்டும் கட்டச் சொல்றாக."

"பாதியாக் குறைச்சிட்டாகளா?"

"இன்னைக்குக் கையில இல்லன்னு எழுதிப் பாக்கவா?"

எழுதினாள். இந்த முறை பத்தே நிமிடம்தான். "மூவாயிரம் போதுமாம். ஆனா நாளைக்கே கட்டணுமாம்."

மாமா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அம்பது லட்சம் குடுக்குறவன் மூவாயிரத்துக்கா இப்படிப் பேரம் பேசுறான்? சவாரிக்கு வர்றவுககூட இம்புட்டு இறங்க மாட்டாகளே."

கல்லாவில் இருந்த சேக் பரீது பாய் திரும்பிப் பார்த்தார். ஜெஸ்ஸி வாயைத் திறக்கவில்லை. மாமாவே அவரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

பாய் ஒரு வரி படித்ததும் தலையை ஆட்டினார். "இது எனக்கும் வந்துச்சுண்ணே. எனக்கு அறுவது லட்சம்."

"எனக்கு மட்டும் பத்து லட்சம் குறைச்சலா?" என்றார் மாமா.

"பரிசே கிடையாதுண்ணே. எல்லாம் ஏமாத்து வேலை. ஊருக்கெல்லாம் இதே கடுதாசிய அனுப்புறானுக. பணம் கட்டியாச்சா?"

"நாளைக்குக் கட்டுறதா இருந்தேன்."

"அல்லா காப்பாத்துனான். இனிமே பதிலே போடாதீக."

ஜெஸ்ஸி எல்லாக் கடிதத்தையும் அழித்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"வெக்கமா இருக்கு பாப்பா. திருட்டுப்பயன்னு தெரியாம அம்புட்டு நன்றி சொன்னேனே. அவன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்னு சொன்னேனே."

"பிள்ளைகுட்டி நல்லா இருந்துட்டுப் போகட்டும் மாமா. நன்றி சொன்னது தப்பா? ஏமாத்துனதுதான் தப்பு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மாமா அவள் தலையில் கையை வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு புது ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கி வந்தார். கையில் இரண்டு பெரிய பிரியாணிப் பொட்டலங்கள். தெருவே மணத்தது.

"புது வண்டிக்கா விருந்துண்ணே?" என்றார் அம்மா.

"வண்டிக்கு லட்டு தனியா வருது. இந்தப் பிரியாணி வேற விசயத்துக்கு." மாமா ஜெஸ்ஸியைப் பார்த்தார். அவள் ஒன்றும் தெரியாதவள்போல இலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழைத்தார் உட்பட நடந்தது முழுவதையும் அவரே சொன்னார்.

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "பணம் வந்தா விருந்து வைப்பாக, பாத்திருக்கேன். நீங்க என்னண்ணே, வராத பணத்துக்குப் போய் பிரியாணி வாங்கியிருக்கீக?"

"வராத பணத்துக்கு இல்ல தங்கச்சி" என்றார் மாமா. பொட்டலத்தில் இருந்த பெரிய கறித்துண்டாகப் பார்த்து ஜெஸ்ஸியின் இலையில் வைத்தார். "போகாத பணத்துக்கு."