கொய்யா ஒயின், கொஞ்சம் கொலை!

தொட்டிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

ஒரு காலில் ஷூ. இன்னொன்றில் வெறும் சாக்ஸ்... அதிலும் பெருவிரல் இருக்கும் இடத்தில் ஓட்டை!

ஒடாலிஸ் அலறினாள்.

அந்த ஓட்டையை அவளுக்குத் தெரியும். டாக்டர் எலியேசர். ஏழு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எதிர் மேசை. முந்நூறு லிட்டர் தொட்டிக்குள் தலைகீழாக நின்றார். தொட்டியின் வாயெல்லாம் ஈஸ்ட் நுரை. அறை முழுக்க சுடச்சுட ரொட்டி வாசனை... அதற்குள்ளே ஒரு காரமான நெடி.

ப்ளீச்!

அவள் ஃப்ரீசரைப் பார்க்க ஓடினாள். திறந்து கிடந்தது. தாய் ஈஸ்ட் வைத்திருந்த ஆறு குப்பிகளில் ஐந்தில் ப்ளீச். மேசைமேல் ஈஸ்ட் வளர்த்த தட்டுகளிலும், அந்தத் தொட்டியிலும் ப்ளீச். ஆறாவது குப்பியைக் காணவே காணோம்.

ஒடாலிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தான்சாஸ் நகரமே ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த திங்கட்கிழமை காலை அது.

லெப்டினன்ட் ஒசோரியோ சைக்கிளில் வந்து சேர்ந்தார். பேன்ட்டின் கால் ஓரத்தில் குத்தியிருந்த துணிக் கிளிப்பைக் கழற்ற மறந்தே விட்டார்.

"யார் மேலம்மா சந்தேகம்?"

"அந்த ஆறாவது குப்பியைக் கண்டுபிடிங்க, தோழர். கொலைகாரனை அப்புறம் பிடிச்சுக்கலாம்."

"நல்லா இருக்கே! ஆள் செத்துக் கிடக்கான்... உனக்கு ரொட்டி ஈஸ்ட் பெருசாப் போச்சா?"

"அந்த ஈஸ்ட்லதான் என் தம்பியோட கால் இருக்கு!"

ஒசோரியோ நோட்டை மூடினார். "புரியற மாதிரி சொல்லு."

சொன்னாள்.

தம்பி ரேனியெர். இருபத்தொன்பது வயது. பேஸ்பாலில் பந்து வீசுகிறவன். சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஆறாத புண். சதையை வளரச் சொல்லும் மனித ஜீனை எலியேசர் எடுத்து ஈஸ்டுக்குள் ஏற்றியிருந்தார். ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் சுரக்கும். சுத்தம் செய்து புண்ணில் ஊசியாகப் போட்டால் சதை பிடிக்கும்.

"சர்ஜன் மூணு வாரம் டைம் குடுத்திருக்கார். அதுக்குள்ள ஊசி வரலேன்னா..."

"வரலேன்னா?"

"ரம்பம்."

ஒசோரியோ அதற்கப்புறம் ரொட்டி ஜோக் அடிக்கவில்லை.

வியாழக்கிழமை. ஆய்வுக்கூட இயக்குநர் அன்செல்மோ பெத்ரோசோவின் அறை.

மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இடது காலில் மட்டும் செருப்பு, அதற்குள் கட்டு. அவருக்கும் சர்க்கரைதான். மேசைமேல் அவருக்கும் ஒசோரியோவுக்கும் ஒடாலிஸுக்கும் மூன்று கோப்பை காப்பி. பாதிக்குப் பாதி வறுத்த பட்டாணித் தூள்.

"எலியேசர் தங்கமான மனுஷன். எதிரியே கிடையாது, தோழர்."

ஒசோரியோ அவரைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார்.

பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு பெரிய பாட்டில். உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். வாயில் மாட்டிய ஆணுறை காற்று நிரம்பி விறைப்பாக நின்றது.

கடையில் எதுவும் கிடைக்காத வருடம். எல்லா வீட்டிலும் இதே பாட்டில்தான். பழம், சர்க்கரை, ஈஸ்ட்... மேலே ஓர் ஆணுறை. எழுந்து நின்றால் நொதிக்கிறது. தொங்கிவிட்டால் ஒயின் தயார்.

"நல்லா நிமிர்ந்து நிக்குதே, டாக்டர்!"

இயக்குநர் சிரித்தார். "கொய்யா ஒயின். முனை பேக்கரிலேர்ந்து கொஞ்சம் ஈஸ்ட் வாங்கிப் போட்டேன்."

"முனை பேக்கரியா?"

"ஆமா. திங்கட்கிழமை."

"நேத்து அங்கதான் என் பொண்டாட்டி சண்டை போட்டுட்டு வந்தா. ரொட்டி செங்கல் மாதிரி இருக்குன்னு. ரெண்டு மாசமா ஈஸ்ட்டே வரலையாம் அங்க."

இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்த ஊர்ல எவன் வீட்டு பாட்டில்லயும் எதுவும் எந்திரிக்கல, டாக்டர். என் வீட்லயும்தான்! உங்களுது மட்டும் எப்படி?"

ஒரு விநாடி...

பெத்ரோசோ பாய்ந்தார்! பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். ஆணுறை 'பட்'டென்று பறந்தது.

"கிட்ட வந்தா ஊத்திடுவேன்! உலகத்துல மிச்சம் இருக்கறது இது மட்டும்தான்!"

ஒசோரியோவின் கை துப்பாக்கியிலேயே உறைந்தது.

"வழிய விடு! சனிக்கிழமை மாட்ரிட்லேர்ந்து ஆள் வர்றான். இது என்கிட்ட மட்டும் இருந்தாத்தான் விலை!"

"அதுக்காக எலியேசரை..." ஒடாலிஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"விக்க மாட்டேன்னான், முட்டாள்! ஜனங்களோட சொத்தாம்! தொட்டிக்குள்ள குனிஞ்சு பார்த்துட்டிருந்தான். காலைத் தூக்கி விட்டேன். அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் உதைச்சான்... அப்புறம் சமத்தாயிட்டான்."

ஒடாலிஸ் கண்ணை மூடித் திறந்தாள்.

"அதை எப்ப பாட்டில்ல விட்டீங்க?"

"திங்கட்கிழமை."

"என்ன போட்டு வளர்த்தீங்க?"

"எல்லாம்தான்! சர்க்கரை, கொய்யா, திராட்சை... என் வைட்டமின் மாத்திரையைக்கூட இடிச்சுப் போட்டேன். பெத்த புள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன்!"

அவள் சிரித்தாள்.

"ஊத்துங்க, டாக்டர்."

"என்ன?"

"அட, ஊத்துங்க! பன்னெண்டு வருஷமா நீங்க நாற்காலியை விட்டு எந்திரிக்கல. பாடம் மறந்து போச்சு. அந்த ஜீன் ஈஸ்டுக்கு வெறும் சுமை. இதைச் சுமந்தாத்தான் உயிர் பிழைக்கலாம்னு பட்டினி போட்டு வச்சாத்தான் சுமக்கும். வயிறு நிறைஞ்சா முதல் வேலையா தூக்கி எறிஞ்சுடும். நீங்க மூணு நாளா விருந்து போட்டிருக்கீங்க! இப்ப அதுல இருக்கறது வெறும் ஒயின். குடிச்சிட்டு ஏப்பம் விடுங்க!"

பெத்ரோசோ பாட்டிலைப் பார்த்தார்.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் வெளிறியதே அதற்குச் சாட்சி.

"தேவ்...!"

திட்டை முடிக்காமலே பாட்டிலை அவள் தலையைக் குறிவைத்து வீசினார். அவள் குனிந்தாள். சுவரில் பட்டு நொறுங்கியது! இளஞ்சிவப்பு நுரை தரையெல்லாம் வழிந்தது.

ஒசோரியோ மேசையைத் தாண்டி அவர்மேல் விழுந்தார். அடுத்த சத்தம் விலங்கு பூட்டும் சத்தம்.

போலீஸ்காரர்கள் இயக்குநரை இழுத்துப் போனதும் ஒசோரியோ தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கம்மா. உன் தம்பிக்கு..."

அவள் கேட்கவில்லை. மண்டியிட்டிருந்தாள். கோட்டுப் பையிலிருந்து வடிதாளை எடுத்து, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நுரையை ஒற்றிக்கொண்டிருந்தாள். விரலில் ரத்தம்.

"என்னம்மா பண்றே?"

"பொய் சொன்னேன், தோழர்."

"என்னது?!"

"எல்லா ஈஸ்டும் தூக்கி எறியாது. நூத்துல அஞ்சோ பத்தோ இன்னும் சுமந்துட்டுதான் இருக்கும். ஒரு சொட்டு போதும். பட்டினித் தட்டுல தேய்ச்சா சுமக்கறது மட்டும் பிழைக்கும்."

"அப்ப அந்த ஆள் வாஷ்பேசின்ல ஊத்தியிருந்தா?"

"பேசின்ல ஒட்டினதை வழிச்சிருப்பேன். ஆய்வு மேசையில வேலை செஞ்சவன் எவனும் பாட்டிலைக் காட்டி மிரட்ட மாட்டான்."

நான்காம் நாள் தட்டில் ஏழு வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் கடுகு அளவு.

ஒடாலிஸ் அந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆனால் தினமும் மின்வெட்டு. முதல் தொட்டி பாதியில் சூடேறிக் கெட்டது. இரண்டாவதைச் சுத்தம் செய்து முதல் ஊசி மருந்து கைக்கு வந்தபோது இருபத்தைந்தாம் நாள்.

சர்ஜன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு நாள் கூடுதலாகவே பொறுத்தார். இருபத்திரண்டாம் நாள், அழுகல் கணுக்காலைத் தாண்டியதும், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரேனியெர் பேஸ்பாலை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது.

"மருந்து வந்துடுச்சாமே அக்கா? யாருக்கு முதல்ல?"

அவளுக்குப் பின்னால் நின்ற ஒசோரியோ முன்னால் வந்தார்.

"புண்ணு யாருக்கு மோசமோ அவங்களுக்குத்தான் முதல் ஊசியாம். பட்டியல்ல முதல் பேரு... ஜெயில் வார்டு. பெத்ரோசோ. இடது கால்."

பந்து ரேனியெரின் கையிலேயே நின்றது.

"அந்த ஆளுக்கு தீர்ப்பு வந்தாச்சே?"

"வந்தாச்சு. சுவர் முன்னாடி நிறுத்தி ஆறு துப்பாக்கி. அடுத்த மாசம்."

ஒடாலிஸ் மருந்துக் குப்பியை உள்ளங்கையில் இறுக்கினாள். "கை தவறிடுச்சுன்னு சொல்லிடறேன்டா. ஒரு நிமிஷ வேலை..."

ரேனியெர் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தான்.

பிறகு பந்தை மறுபடி மேலே வீசினான்.

"போட்டுவிடு அக்கா, நல்லா ஆழமாவே போடு! குறி பார்க்கிறவன் கஷ்டம் எனக்குத் தெரியும்... எதிர்ல நிக்கிறவன் நொண்டினா, முதல் குண்டு தப்பிடும்!"