தையல்காரர் வீட்டு லைன்

கதவு திறக்க மாட்டேன் என்றது. கணவன் சாவியைத் திருகிப் பார்த்தான், தோளால் முட்டிப் பார்த்தான், கடைசியில் அந்தக் கதவைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரர் பீரோவைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, இது இப்போதைக்கு ஆகிற காரியம் இல்லை என்று நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் அவள். கைப்பிடியை மேலே தூக்கி, கீழே முழங்காலால் ஒரு முட்டு முட்டினாள். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"அடி சக்கை! இந்த வீட்டுக்கு முன்னாடியே வந்திருக்கியா என்ன?"

"நான் எங்க வந்தேன்? பழைய கதவு எல்லாம் இப்படித்தான்."

வந்ததில்லை என்பது சத்தியம். ஆனால், மழையில் உப்பிப்போன கதவை எப்படித் திறப்பது என்று இந்த வீட்டிலிருந்து ஒருவர் இணையத்தில் தேடியதை அவள் பார்த்திருந்தாள். அவர் பார்த்த வீடியோவை அவளும் கூடவே உட்கார்ந்து பார்த்தாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அரசாங்கத்தில் அப்படியும் ஓர் ஆபீஸ் உண்டு. வாசலில் பலகை கிடையாது. உள்ளே நுழையும்போதே செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் நாள் பூராவும் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். தன் பொறுப்பில் விட்ட வீடுகளில் யார் எதைத் தேடுகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தட்டிவிட்டு அழித்ததுகூட இங்கே தெரியும். சந்தேகமாக இருந்தால் 'மேலே அனுப்பு' என்று ஒரு பொத்தான். இல்லாவிட்டால் 'பயனற்றது' என்று இன்னொரு பொத்தான். நாம் பார்க்கிறோம் என்பது எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்த வீட்டாருக்குத் தெரியக்கூடாது. தெரியப்படுத்தினால் வேலை போவதோடு நிற்காது, ஜெயில். கட்டினவனிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை. கவர்ன்மெண்டில் டைப் அடிக்கிறாள் என்று அவன் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான்.

இந்த வீட்டில் இருந்தவர் ஒரு தையல்காரர். ஏதோ ஊர்வலத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்ததில் மேலிடத்துக் கண்ணில் பட்டுவிட்டார். அவரை இவள் தலையில் கட்டினார்கள். மாதக்கணக்கில் பார்த்தாள். கொடியும் இல்லை, கலகமும் இல்லை. சொட்டுகிற குழாயை நிறுத்துவது எப்படி. ஒரே ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது. இறந்துபோன மனைவியின் குரல் போனில் இருக்கிறது, அது அழியாமல் வைப்பது எப்படி. பேச்சை நிறுத்திவிட்ட மகனுக்கு என்ன எழுதுவது என்று தட்டுவார், அழிப்பார், மறுபடி தட்டுவார். சொந்தச் சித்தப்பாவைப் பற்றிக்கூட அவளுக்கு இவ்வளவு தெரியாது.

"என் தையல்காரர் இன்னிக்குப் பட்டன் தைக்கிற வீடியோ பாக்கறார்டி. இத்தனை வருஷமா என்னத்தைத் தைச்சாரோ!" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகிற சமயத்தில், அந்த வீட்டிலிருந்து வரிகள் வர ஆரம்பித்தன.

இடது கை மரத்துப்போனால் என்ன.

நெஞ்சில் பாரம் வாயுவா.

வீட்டில் யாரும் இல்லாதபோது நெஞ்சு வலித்தால்.

ஆம்புலன்ஸ் கூப்பிட எந்த

அதோடு நின்றுவிட்டது.

விலாசம் திரையின் மூலையிலேயே இருந்தது. எழுந்து போய்ச் சொன்னால் போதும். ஆனால் பின்னால் 'பூனை' நடந்துகொண்டிருந்தார். சத்தமில்லாமல் வந்து நிற்பதால் அதிகாரிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. போய்ச் சொன்னால், இது உன் வேலையா என்று கேட்பார். ஆம்புலன்ஸை யார் அனுப்பியது என்று தையல்காரர் கேட்டால் அதற்கு யார் பதில் சொல்வது? வாயுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'பயனற்றது' என்ற பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். வயிறு நிறையச் சாப்பிடவும் செய்தாள், அதைத்தான் அவளால் பின்னால் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அந்த வீடு ஓய்ந்திருந்தது. மறுநாளும் ஓய்ந்திருந்தது. ஒரு வீட்டைப் பார்க்கிற லைனை முடித்து வைக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். ஆள் இறந்துவிட்டார் என்று எழுதினால், உனக்கு எப்போது தெரியும் என்று கேள்வி வரும். அதனால் அவள் எழுதவில்லை. திரையின் அடியில் ஒரு மூலைக்கு அதைத் தள்ளிவிட்டாள்.

அப்புறம்தான் ஒரு நாள் கணவன் வந்து, "சல்லிசா ஒரு வீடு அமைஞ்சிருக்கு, பஸ் டிப்போவுக்குப் பக்கம், தனி வீடு" என்று விலாசத்தைச் சொன்னான். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஏன் என்பான். என்னவென்று சொல்வாள்? திறந்த வாயை மூடிக்கொண்டு சாமான் கட்டினாள்.

வீட்டில் மெஷின் எண்ணெய் வாசனை போகவே இல்லை. அவளும் கழுவிப் பார்த்தாள், ஜன்னலை எல்லாம் திறந்து போட்டுப் பார்த்தாள். அடுக்களையில் நின்றால் முதுகில் ஒரு பார்வை விழுந்தது. திரும்பினால் கூடம் காலியாக இருக்கும். திரும்பி நறுக்க ஆரம்பித்தால் மறுபடி அதே பார்வை. கடுப்பும் இல்லை, கோபமும் இல்லை, அவளை விட்டு அகலாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் மாதக்கணக்கில் பார்த்த பார்வை அது.

"ஏங்க" என்று ஒரு நாள் கிசுகிசுத்தாள். "யாரோ நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இல்ல?"

"உன்னை என்னைத் தவிர வேற எவன் பாக்கப் போறான்?" என்று அவன் கண்ணடித்தான். இரவு பஸ் ஓட்டிவிட்டு வந்தவன், அடுத்த நிமிஷம் குறட்டை விட்டான்.

ஒரு சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டாள் என்று போய்ப் பேசிக்கொண்டே நின்றுவிட்டாள். நினைவு வந்து பதறியடித்து ஓடி வந்தாள்.

பால் பொங்கவில்லை.

அடுப்பு அணைந்திருந்தது. திருகு சரியாக மூடியிருந்தது.

கணவன் உள்ளே போர்த்திக்கொண்டு தூங்கினான். எழுப்பிக் கேட்டாள்.

"நான் எங்கடி எழுந்தேன்? ஆளை விடு."

கெடுதல் செய்கிற பேயாக இருந்தால் மந்திரிக்கலாம், வீட்டை மாற்றலாம். அடுப்பை அணைத்து வைக்கிற பேயை என்ன செய்வது? நல்லவர் ஒருவரை அநியாயமாகச் சாகவிட்டோம் என்று உள்ளே ஏதோ பிராண்டியது. கூடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன கேட்டுக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம், ஆபீசுக்குக் கிளம்பும்போது, கணவன் தூசி படிந்த ஒரு சின்னப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போனது. உயிர் இருக்கான்னு பாக்கறேன்" என்றான். இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "பீரோ தூக்கினது இன்னும் பிடிச்சிருக்கு பாரு."

"தைலம் தடவிக்கிட்டுத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நேரமாகிவிட்டது, அவன் சொன்னதில் பாதி காதில் விழவில்லை.

மத்தியானம். பக்கத்து மேசைக்காரி டப்பாவைத் திறந்துவிட்டாள். இவளும் எழுந்தாள்.

திரையின் அடி மூலையில் ஒரு விளக்கு எரிந்தது.

அந்த வீடு.

பார்க்காதே என்று மனசு சொன்னது. பார்த்தாள்.

இடது கை மரத்துப்போகிறது.

அவள் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். மெஷின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது, இந்த ஆபீசில், இந்தக் குளிர்ந்த அறையில்.

நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தால் வாயுவா.

"வேண்டாம்" என்று முணுமுணுத்தாள். "என்னை விட்டுடுங்க. தெரியாம செஞ்சுட்டேன்."

தெரிந்துதான் செய்தாள். அவருக்கும் அது தெரியும் போலிருந்தது.

வேர்த்துக் கொட்டுகிறது.

'பயனற்றது' என்று அழுத்தினாள். வரி மறைந்தது. இன்னொன்று வந்தது. படிக்காமலே அழுத்தினாள். இன்னொன்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"என்னடி ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அவள் கண்ணைத் திறந்தாள். கடைசி வரி மட்டும் திரையில் நின்றது. தட்டி, அழித்து, மறுபடி தட்டிய வரி.

பொண்டாட்டி பயப்படாமல் எப்படிச் சொல்வது

தையல்காரருக்குப் பெண்டாட்டி இல்லை.

காலையில் துடைத்துக்கொண்டிருந்த பெட்டி. தையல்காரரின் இன்டர்நெட் பெட்டி. பிடித்துக்கொண்ட தோள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எதிரே பூனை வந்து நின்றார். "எங்க போறே? நேரம் முடியலையே?" அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலில் செல்போன் பெட்டியின் சாவிக்காரர் கையெழுத்துப் போடச் சொன்னார். "என் வீட்டுக்காரர் செத்துக்கிட்டிருக்காரு, போனைக் குடுய்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் சாவி அவர் கையிலிருந்து நழுவியது.

போனில் கணவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்காமல் போன அழைப்புகள். அவள் கையில் இருக்கும்போதே தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தது. ஆஸ்பத்திரி. உங்கள் கணவரைக் கொண்டு வந்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து, கண்டத்தைத் தாண்டிவிட்டார் என்று சொன்னபோது அவள் அழவில்லை. ஆம்புலன்ஸ்காரர் இன்னும் அங்கேதான் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க. அவரே கூப்பிட்டாரா?"

"அவரா? அவர் பேச்சு மூச்சு இல்லாமக் கிடந்தாரும்மா. வயசானவர் ஒருத்தர் பேசினாராம். இடது கை மரத்துப்போச்சு, நெஞ்சுல பாரம், வீட்டுல யாரும் இல்ல, சீக்கிரம் வாங்கன்னு. விலாசத்தை நிறுத்தி நிதானமாச் சொல்லியிருக்கார். உங்க மாமனாரா?"

"எனக்கு மாமனார் இல்ல."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நம்ம கையில இல்ல. யாரோ பாத்துக்கிட்டு இருந்தது உங்க நல்ல காலம்மா."

நல்ல காலம் என்ற வார்த்தை அவளை அறைந்தது. அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு தடவையும். இரண்டு தடவையும் ஒரே பொத்தானை அழுத்தினாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போகிறவர் வருகிறவர் எல்லாம், புருஷன் மேல் எவ்வளவு பாசம் என்று அவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதுவும் அவளைச் சுட்டது.

போன் அடித்தது.

"அம்மா, ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம்ல இருந்து பேசறேன்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "உங்க நம்பர் ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. உங்க வீட்டு லைன்ல இருந்து கூப்பிட்டாரே ஒரு பெரியவர், அவர் இன்னும் போனை வைக்கலம்மா."

"எங்க வீட்டுல லேண்ட்லைன் போனே இல்லையே."

"லைன் உங்க விலாசத்துலதான் காட்டுது. ஆள் பொழைச்சிட்டாரு, வைங்க ஐயான்னு சொல்லிட்டேன். சந்தோஷம்னு சொன்னார். ஆனா வைக்க மாட்டேங்கறார்." குரல் தாழ்ந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொல்றார்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன?"

"அன்னிக்கு மத்தியானம் நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்கன்னு."

வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் உருண்டு போனது. அது போய் மறையும் வரைக்கும் அவள் அதையே பார்த்தாள். பொய் சொல்லலாம். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

"ஆமா" என்றாள். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன்னு சொல்லும்மா."

அந்தப் பக்கம் பெண் யாரிடமோ மெதுவாகத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னார்?"

"சரிம்மான்னார்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இன்னும் லைன்லதாம்மா இருக்கார்."