விசிறி நின்ற அரைமணி

பாறை துளைத்த அதிர்வு மாரிக்கனியின் தோள்பட்டையை விட்டு இன்னும் இறங்கவில்லை. செவ்வாயின் சுரங்கக் குடியிருப்பில் கூலியோடு மூச்சுக்காற்றையும் அளந்துதான் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அறைக்குழாயைத் திறந்து, தன் மூச்சுப்பங்கில் பாதியைக் கணவன் ஆவுடையப்பன் பக்கம் திருப்பிவிடுவாள். தூசி தின்ற நுரையீரல், அவனுக்குத் தன் பங்கு போதாது.

ஆண்டுதோறும் பொதுக்கூடத்துக்குள் நடக்கும் விமானப் போட்டியில் ஜெயித்தால் ஓராண்டுக்கு இரட்டைப் பங்கு; கூடுதல் பங்கு அவனுக்கு ஆகும். ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் பொம்மை விமானம், வெங்காயச் சருகைவிட லேசு. அதிக நேரம் மிதப்பதே வெற்றி. தும்மினால்கூடத் தடம் மாறும் என்பதால், அது தரையிறங்கும்வரை கூடத்துக்குள் மூச்சுக்காற்றைத் தள்ளும் விசிறியை நிறுத்துவது வழக்கம்.

இந்த வருடம் நிர்வாகம் விதியை மாற்றியது. விசிறி நிற்காது.

"விமானம் சுவத்துல அப்புன பல்லியாட்டம் ஆயிருமே அண்ணாச்சி," என்றாள் மாரிக்கனி, நடுவர் எசக்கிராஜிடம்.

"பாக்க வாறவுக ஒடம்புக்கு நல்லதுக்குத்தானாம், தாயி."

"நம்ம ஒடம்பு மேல அவியளுக்கு எப்பருந்து அக்கறை?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது.

கூலி உயர்வுக்கு ஒருநாளும் ஒன்றுசேராதவர்கள் இதற்குக் கருவிகளைக் கீழே போட்டார்கள். விசிறியை நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நிர்வாகம் பணிந்தது.

மாரிக்கனியின் விமானம், வந்த காரியத்தை மறந்தவன்போல உச்சியில் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே எல்லோருக்கும் தலை கனத்தது. மயங்கிச் சரிந்தவனிடம் பக்கத்திலிருந்தவன், "மெதுவா விழுலே, காத்து அசையுது," என்றான். அரைமணி கழித்து விமானம் தரை தொட்டது. அவளே ஜெயித்தாள்.

அடுத்த வாரம் ஒலிபெருக்கி அறிவித்தது: விசிறி இல்லாமல் அரைமணி நேரம் மக்கள் மகிழ்ச்சியாக இருந்தது நிரூபணமாகிவிட்டதால், இனி ஒவ்வொரு வேலைமுறையிலும் அரைமணி விசிறி நிறுத்தப்படும்.

"இத யாருகிட்ட போய்க் கேக்க, அண்ணாச்சி?"

"நிறுத்தச் சொல்லிக் கத்துனதே நாமதான தாயி."

"அப்பம் எம் பரிசு?"

"நிறுத்தி மிச்சம் புடிக்கிற காத்துலருந்துதான் தருவாவளாம். இன்னும் சேரலையாம்."

தன் மூச்சைப் பிடித்துத் தனக்கே பரிசா? நடந்துகொண்டே யோசித்தாள். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பிடிபடவில்லை. ஆவுடையப்பனிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

நிர்வாகம் அவனுக்கு ஓராண்டுக் காற்று பாக்கி வைத்திருந்தது.