கூட்டம் கூட்டிய மேளம்

1974. காலை ஏழு மணி. பதுளை மலையில் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, ஆலிவ்ஹில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. ஒலிபெருக்கியும் டேப் ரெக்கார்டரும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒரே ஒரு டேப் சுருளைத்தான் காணவில்லை!

வாந்திபேதி பரவியதிலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பயம் போக்க சுகாதார வேன் ஒன்று சுற்றியது. முதலில் டேப்பில் மேளம் முழங்கும். சனம் திரளும். பிறகு, ‘மனதைத் தளர விடாதீர்கள்’ என்று பேச்சு. அந்த மேளத்தைப் பதிவு செய்தவரும், பிரசாரம் பலித்ததா என்று மதிப்பிட வந்தவரும் சிவஞானம்தான். ‘மாபெரும் வெற்றி’ என்று எழுதியும் விட்டார். நண்பகலில் கொழும்பு மேலதிகாரி வருகிறார். அவர் தலையசைத்தால் அதே மேளம் ஊவா மாகாணத்தின் எல்லாத் தோட்டங்களிலும் முழங்கும்.

“மேளம் இருந்த டேப்தான் களவு போயிருக்கிறது, இன்ஸ்பெக்டர். சாவி என்னிடம் ஒன்று, காவலாளி ஹுமைத்திடம் ஒன்று,” என்றார் சிவஞானம்.

பதுளை இன்ஸ்பெக்டர் லத்தீப் மேசையைப் பார்த்தார். மீதிச் சுருள்கள் ஒரே மாதிரிப் பழுப்புப் பெட்டிகளில் கலைந்து கிடந்தன. எதிலும் எழுத்து இல்லை.

“ஹுமைத் நானா, எடுத்தீங்களா?”

“அல்லா மேல சத்தியமா இல்ல சேர். அத வச்சி நான் என்ன செய்யிற? ஊட்டுல ரேடியோவே இல்ல.”

“ஜீப்புல ஏத்த வேண்டி வரும்.”

கிழவர் ஓர் எட்டு பின்வாங்கினார். “ஏத்தினா புள்ளைகள்ட மொகத்துல எப்படி முழிக்கிற?”

அந்த மேளம் யாருக்கு வேண்டும் என்று விசாரிக்க லத்தீப் லயத்துக்கு இறங்கினார். கடைசி வீட்டில் தனலெட்சுமி, தாய் மாரியாயியைப் புதைத்த துக்கத்தில் இருந்தாள்.

“மேள டேப் தொலைஞ்சிருச்சா? நல்லாத் தொலையட்டும்!” என்றாள். “அது சாவு மேளங்க. அழகர் மாமா எழவு வீட்டுல அடிச்சத அந்த சிவஞானம் ஐயா மெஷின்ல புடிச்சிட்டாரு. காலையில பேர் பதிய பெரட்டுக்குக் கூப்புடுற மேளம் வேறங்க. யாரு செத்ததுன்னு பாக்கத்தான் எல்லாம் ஓடுனோம்.”

“அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“வாந்திபேதியில கெடந்துச்சு. ‘எனக்குத்தான் அடிச்சிட்டாங்களே, இனி மருந்து எதுக்கு’ன்னு வாய இறுக்கி மூடிக்கிச்சுங்க.” கண்ணைத் துடைத்தாள். “நேத்து அந்த ஐயா கேள்வி கேக்க வந்தப்பவும் இதத்தான் சொன்னேன். தேத்தண்ணியத் தொடாமலே எந்திரிச்சிப் போயிட்டாரு.”

லத்தீப் விறுவிறுவென்று மேலே ஏறினார்.

“மிஸ்டர் சிவஞானம், மிச்ச டேப்புகளைப் போட்டுக் கேட்டீங்களா?”

“இல்லை. கதவைத் திறந்ததும் உங்களுக்குத்தான் போன் பண்ணினேன்.”

“அப்படியானால் போனது மேள டேப் என்று எப்படித் தெரியும்? பெட்டியில் பெயர் இல்லை. எடுத்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும்.”

சிவஞானம் கோட்டுப் பையிலிருந்து சுருளை எடுத்து வைத்தார்.

“எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தேன். ஏன் வந்தார்கள் என்று கேட்கவில்லை. நேற்று அந்தப் பெண் சொன்னதும்... இது சாவு மேளம் என்று கொழும்புக்குத் தெரிந்தால் என் கதி?”

“அதுக்கு நானாவை உள்ளே தள்ளப் பார்த்தீங்க.”

ஹுமைத் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சிவஞானத்துக்கு.

நண்பகலில் கொழும்பு ஜீப் வந்து நின்றது. மேலதிகாரி சிரித்தபடி இறங்கினார்.

“எங்கே ஐசே உம்முடைய மேளம்? சத்தமாகப் போடும், கேட்போம்!”

“போட மாட்டேன் சேர்,” என்றார் சிவஞானம். “கீழே இன்னும் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.”