கேபிளோடு மட்டும் பிழைத்த நோயாளி

காலை பத்து மணிக்கு நோயாளி இறந்தார்.

நல்லவேளை, அப்படி ஒருவர் இல்லை. மருந்தைச் சொட்டுச்சொட்டாக உடலில் செலுத்தும் கருவிக்கான தொடுதிரை அது. திரையில் ஒரு மனித உருவம் படுத்திருக்கும், பக்கத்தில் மருந்தின் அளவு. முதலாளி கூட்டல் குறியை விரலால் ஒரு தடவை தொட்டார். ஐந்து ஆறாக வேண்டும். அது ஆறு, ஒன்பது, இருபது என்று ஏறித் தொண்ணூறில் நின்றது. திரை சிவந்தது.

முதலாளி தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணன் மகளைப் பார்த்தார்.

"நான் ஒரு தடவைதான் தொட்டேன்."

"தெரியும் சித்தப்பா."

"ஆள் செத்துட்டான்மா."

அந்தத் திரைக்கு நிரல் எழுதியவள் அவள். பேச்சு குறைவு. நடந்து வந்தால் சத்தம் கேட்காது. அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் பூனை. படிப்பு முடித்ததிலிருந்து அவள் செய்திருக்கும் ஒரே வேலை இதுதான்.

"மூணு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா வெளிக் கம்பெனியோட ரெடிமேட் திரைதான். பேசி வச்சிருக்கேன். அப்புறம் நீ கணக்குப் பிரிவுல உக்காந்துக்கலாம்" என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார்.

பூனை முதலில் விசாரித்தது ஈயத்தை. திரைக்குப் பின்னால் இருக்கும் கையகல மின்சுற்றுப் போர்டை வடிவமைத்தவர். நாள் முழுக்க ஈயம் உருக்கிப் பற்றவைப்பதால் அந்தப் பட்டப்பெயர்.

"காட்சி அறைக்கு இதைக் கொண்டு வந்தது யாரு?"

"நான்தான். சனிக்கிழமை காலைல. போர்டு, திரை, அடாப்டர், எல்லாம் ஒரே டப்பால."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணு தொட்டா ஒண்ணு ஏறுச்சு. போர்டைச் சந்தேகப்படாத. உன் நிரலைப் பாரு."

"நிரலை நான் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தொடல."

"நானும் போர்டைத் தொடல."

அடுத்தது சித்தப்பா மகன். விற்பனை அவன் பொறுப்பு.

"அண்ணா, சனிக்கிழமை மத்தியானம் இங்க யாரு இருந்தா?"

"நானும் அப்பாவும். நான் திரைக்கு ஃபிலிம் ஒட்டினேன். கீறல் விழக்கூடாதுல்ல. அப்பா இன்டர்நெட்டைச் சரி பண்ணிட்டு இருந்தார். இன்னிக்கு வரைக்கும் அந்தப் பெருமைதான் பேச்சு."

பூனை ஃபிலிமை நகத்தால் நெம்பி உரித்தாள். அண்ணன் முகம் கோணியது. அவள் அளவை மறுபடி ஐந்தாக்கிவிட்டுத் தொட்டாள். தொண்ணூறு.

"பாத்தியா, நான் இல்ல" என்றான்.

பதினொரு மணிக்கு அவள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து சுவரில் சார்ஜரைச் சொருகினாள். ஒரு கேபிளால் லேப்டாப்பைப் போர்டோடு இணைத்தாள். ஒவ்வொரு தொடுகையும் ஒரு வரியாக லேப்டாப்பில் ஓடும். பிழை எங்கே பிறக்கிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

தொட்டாள். ஆறு. மறுபடி தொட்டாள். ஏழு. விடாமல் தொட்டாள். நோயாளி சௌக்கியமாக இருந்தார்.

கேபிளைக் கழற்றினாள். தொட்டாள். தொண்ணூறு.

மாட்டினால் பிழைத்தார். கழற்றினால் செத்தார். நிரலை அழித்துப் புதிதாக ஏற்றினாள். அதேதான். பழைய நிரலைத் தேடி ஏற்றினாள். அதேதான். திரையைப் போர்டோடு இணைக்கும் பட்டை ஒயரைக் கழற்றி மாட்டினாள். விரல் நுனியில் வெட்டு விழுந்ததுதான் மிச்சம்.

"பாக்கும்போது ஒழுங்கா இருக்கு. பாக்காதப்ப கொல்லுது" என்றாள்.

"நாங்க ஸ்கூல்ல அப்படித்தான் இருந்தோம்" என்றான் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை.

"பேசாம கேபிளோடவே காட்டிடு" என்றார் ஈயம்.

வாசலில் வந்து நின்ற சித்தப்பா கேட்டுவிட்டார். "கட்டிலுக்குக் கட்டில் ஒரு லேப்டாப் வாங்கி வைப்பாங்களா அவங்க?" கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டரை மணிக்குப் பூனை குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வந்தால் தேவலாம் என்று இருந்தது. அதுவும் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கேபிள் மாட்டியபடியே இருந்தது. பழக்கத்தில் விரலை வைத்தாள்.

தொண்ணூறு.

"யாரு இதைத் தொட்டா?"

"சத்தியமா நாங்க தொடல" என்றான் அண்ணன். "ஃபோன்ல சார்ஜ் இல்ல. உன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு என்னோடதைச் சொருகினேன். உனக்கு பேட்டரி இருக்கேன்னு…"

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் லேப்டாப் சார்ஜரை மீண்டும் சுவரில் சொருகினாள். தொட்டாள். ஆறு. பிடுங்கினாள். தொட்டாள். தொண்ணூறு.

பிறகு புறங்கையை, போர்டு நிற்கும் உலோகத் தாங்கியின் மேல் மெல்லத் தடவினாள். தோலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. போர்டிலிருந்து கிளம்பும் மின்கம்பியை விரலால் தொடர்ந்து மேஜைக்கு அடியில் போனாள். சுவரில் ஒரு சின்ன வெள்ளை அடாப்டர். இரண்டே பின்.

"ஈயம் சார், நீங்க டப்பால கொண்டு வந்த அடாப்டர் எப்படி இருக்கும்?"

"கறுப்பு. செங்கல் மாதிரி. மூணு பின்."

ஈயமும் குனிந்து பார்த்தார். நிமிரும்போது தலை மேஜையில் இடித்தது.

"சித்தப்பாவைக் கூப்பிடுங்க அண்ணா."

சித்தப்பா வந்தார். பூனையின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. எல்லோரும் ஓரடி கிட்டே வரவேண்டியிருந்தது.

"நெட்டை எப்படிச் சரி பண்ணீங்க சித்தப்பா?"

"அதுக்கு இதுவா நேரம்? ரூட்டரோட அடாப்டர் போச்சு. வேற போட்டேன்."

"எதை?"

"டிராயர்ல ஒரு வெள்ளை அடாப்டர் கிடந்துச்சு. அதைப் போட்டா நெட் விட்டு விட்டு வந்துச்சு. அதனால…" நிறுத்தினார். மகனைப் பார்த்தார். ஈயத்தைப் பார்த்தார். "அதுவும் பன்னெண்டு வோல்ட், இதுவும் பன்னெண்டு வோல்ட். கறுப்பை அங்கயும் வெள்ளையை இங்கயும் மாத்திச் சொருகினேன். திரையில வெளிச்சம் வந்துச்சே."

"வந்துச்சு. நீங்க தொட்டுப் பாக்கல."

பூனை குனிந்து வெள்ளை அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"நோயாளியைக் கொன்னது நீங்கதான் சித்தப்பா. இந்த வெள்ளை அடாப்டர்ல மூணாவது பின், எர்த் பின், இல்ல. அதுலேர்ந்து கொஞ்சம் மின்சாரம் கசியுது. போக வழியில்லாம திரையிலயே அலையுது. அதுல ஒரு விரலை வச்சா, திரைக்குப் பல விரல் மாறி மாறித் தொடுற மாதிரி தெரியுது. என் லேப்டாப் சார்ஜருக்கு மூணு பின். கேபிள் வழியா கசிவு அதுல இறங்கி நிலத்துக்குப் போயிடுச்சு. தப்பைத் தேடத்தான் கேபிளை மாட்டினேன். அதுவே தப்பை மறைச்சுடுச்சு. அண்ணன் சார்ஜரைப் பிடுங்காம இருந்திருந்தா சாயங்காலம் வரைக்கும் என் நிரலையேதான் திட்டிட்டு இருந்திருப்பேன்."

அவள் முதலாளியின் அறைக்குப் போனாள். அங்கே ரூட்டரின் விளக்குகள் அணைந்தன. கறுப்பு அடாப்டரோடு திரும்பி வந்தபோது வெளியே கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க. மாட்டு, சீக்கிரம் மாட்டு" என்றார் சித்தப்பா.

பூனை மாட்டவில்லை. அடாப்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

"வெளிக் கம்பெனிக்கு ஒரு ஃபோன் பண்ணிடுங்க."

"அவங்க போனதும் பண்றேன்மா."

"இப்ப சித்தப்பா."

அண்ணன் கூரையைப் பார்த்தான். ஈயம், வந்தவர்களை வரவேற்கப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, வாசலை நோக்கி அவசரமே இல்லாமல் நடந்தார்.

சித்தப்பா கைபேசியை எடுத்தார்.

"சார், நான்தான். அந்தத் திரை விஷயம்… வேண்டாம். இல்ல, விலை இல்ல காரணம். எங்க பொண்ணு செஞ்சது இருக்கு." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல சார், அதுல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு வேற இடத்துல."

பூனை மேஜைக்கு அடியில் குனிந்து அடாப்டரைச் சுவரில் அழுத்திச் சொருகினாள்.