கீழே தள்ளிய விண்டோ

சஃபா கீழே தள்ளிய விண்டோ மறுபடியும் மேலே வந்து நின்றது.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணப் பத்திரிகை டிசைனைப் பொழுது சாய்வதற்குள் பரமக்குடி அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இடது பாதியில் பத்திரிகை, வலது பாதியில் பெண் வீட்டார் அனுப்பிய பெயர்கள் என்று திரையைப் பிரித்து வைத்திருந்தாள். இரண்டையும் மறைத்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது சவுதியில், தம்மாமில் இருக்கும் கணவன் முஸ்அப்பின் அறை. வெள்ளிக்கிழமை லீவில் வீடியோ அழைப்பு போட்டுவிட்டு அவன் தூங்குவான், இவள் வேலை பார்ப்பாள். பெரியபட்டினத்தில் பாதிக் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. துண்டிக்க மனசு வராது. மினிமைஸ் செய்து வைப்பாள். இன்றும் மதியம் வந்த அழைப்பை எடுத்து அப்படித்தான் வைத்தாள்.

அவன் வெள்ளைப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். ஸ்பீக்கரில் ஏசி இரைந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றில் கருவாட்டு வாடையோடு, நாள்பட்ட ஈரத்துணியின் வாடையும் கலந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குப் புரியவில்லை.

மறுபடி கீழே தள்ளினாள். மறுபடி வந்தது.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. அவள் மவுஸைத் தொடவேயில்லை. பத்திரிகை தானாகக் கீழே இறங்கியது. பிறகு பெயர்கள். போர்வை மட்டும் திரை முழுக்க நின்றது.

பழைய மவுஸ், சனியன், என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பசி வேறு. சோற்றுத் தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். ஓர் ஆள் எதிரில் இருக்கும்போது அழைக்காமல் வாயில் வைக்க அவளுக்குப் பழக்கமில்லை.

"மச்சான், சாப்பிட வாங்க."

வழக்கமாக, 'நீ சாப்பிடு' என்று போர்வைக்குள்ளிருந்தே முனகுவான். இன்று முனகவில்லை. போர்வை எழுந்து உட்கார்ந்தது. போர்த்தியபடியே இறங்கி, திரையை விட்டு வெளியே போனது.

செல்போன் அடித்தது. முஸ்அப்.

"காலையிலேயே டூட்டிக்குக் கூப்பிட்டுட்டாங்க சஃபா. அதான் இன்னிக்கு வீடியோ கால் போடல. சல்மா என்ன செய்யுது?"

"நீங்க ரூம்ல இல்லையா?"

"சைட்ல நிக்கிறேன். லேப்டாப்பு பெட்டிக்குள்ள கெடக்கு. ஏன்?"

உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"வாப்பா!"

சஃபா ஓடினாள். பாய் ஈரமாக இருந்தது. கொல்லைக் கதவு தாழிட்டபடி இருந்தது. பிள்ளை இல்லை.

"சல்மா! ஏ சல்மா!"

சிரிப்பு கேட்டது. பின்னாலிருந்து. ஸ்பீக்கரிலிருந்து.

திரும்பி வந்தபோது மேசையில் தட்டு இல்லை. திரைக்குள், அந்தக் கட்டிலில், சல்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. பக்கத்தில் போர்வை.

சஃபாவின் கை மவுஸுக்குப் போனது. மூடும் குறியின் மேல் அம்பு நின்றது. மூடினால் பிள்ளை? கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். யுபிஎஸ் இப்போது விடாமல் கீச்சிட்டது. சார்ஜ் தீரப்போகிறது.

"அல்லாவே… சல்மா, உம்மாகிட்ட வா தங்கம். எந்திரிச்சு வா."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். உருட்டிய சோற்றைப் போர்வைக்குள் நீட்டினாள். கை உள்ளே போனது. முழங்கைவரை. தோள்வரை.

"உம்மா, வாப்பாவுக்கு வாயி எங்க இருக்கு?"