அறுத்த லைனில் வந்த சேதி

புது ஆபீஸ் என்று பேர்தான். திருவொற்றியூர் ஹைரோட்டில் பாழடைந்து கிடந்த எண்ணெய்க் கிடங்குக்கு வெள்ளையடித்து, மாடியில், இங்கே டைப் அடித்தால் வெளியூரில் அச்சாகும் டெலக்ஸ் மெஷினை வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் பழைய பிண்ணாக்கு நாற்றம். 1974 நவம்பர். மத்தியானம் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிலோமி குடையை மூலையில் சாய்த்துவிட்டு மெஷின் முன் உட்கார்ந்தாள்.

கம்பெனிக்கு இனி புது டெலக்ஸ் நம்பர். பம்பாய், கல்கத்தா எல்லோருக்கும் அதை அவள்தான் தெரிவிக்க வேண்டும். ராயபுரத்துப் பழைய ஆபீஸின் நம்பர் ஒழிந்ததில் மேனேஜர் செல்வத்துக்கு ஏக சந்தோஷம்.

அவளுக்கோ அதை விட மனசில்லை. அந்த நம்பரில் எட்டு வருஷம் சேதி அடித்தவர் அவள் அப்பா கஸ்பார். மூன்று வருஷம் முன்பு, புயலன்று, கம்பெனிப் படகை விடாதே என்று எண்ணூருக்குச் சேதி அனுப்பாமல் குடித்துவிட்டுக் கிடந்தார் என்று கம்பெனி எழுதிவைத்தது. ஏழு கூலிக்காரர்கள் கடலோடு போனார்கள். அந்தப் பழியோடு அடுத்த மாதமே கஸ்பாரும் மாரடைத்துச் செத்தார். குடிக்கிற மனுஷனா அவர்? பல்வலிக்குக் கிராம்பு கடிப்பாரே தவிர வேறொன்றும் வாயில் படாது.

டெலக்ஸில் ‘நீ யார்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எதிர்முனை மெஷின் தானாகத் தன் பேரை அடித்துக் காட்டும். சேதியின் முடிவில் அந்தப் பேர் வந்தால்தான் சேதி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். வந்ததும் கஸ்பார் மெஷின் மணியை மூன்று தரம் அடிப்பார். புயலன்று அடித்த தாள் மட்டும் ஆபீஸில் எங்கும் அகப்படவில்லை.

“பழைய நம்பரை ஒரு தபா போட்டுப் பாரு பிலோமி,” என்றான் மெக்கானிக் ஜாபர். “காலைல நானே லைனை அறுத்தேன். மெஷினு காயலான் கடைக்குப் பூட்ச்சு. சும்மா, செக் பண்ணத்தான்.”

போட்டாள்.

லைன் கிடைத்தது.

அறையில் கிராம்பு மணத்தது.

‘நீ யார்’ பொத்தானை அமுக்கினாள். மெஷின் கடகடவென்று ராயபுரம் ஆபீஸின் பேரை அடித்தது.

ஜாபர் கதவோடு ஒட்டிக்கொண்டான். “வாணாம் பிலோமி... எந்திரிச்சு வந்துடு.”

“இன்னாத்துக்கு? எங்க நைனாதானே.”

தாள் மேலேறியது. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. மத்தியானம் மூன்று பத்து. புயல் வருகிறது, படகுகளை விடாதே. அதற்குக் கீழே, எதிர்முனைக்குச் சேதி கிடைத்ததற்கு அடையாளமாக, எண்ணூர் ஆபீஸின் பேர்.

அன்றைக்கு எண்ணூரில் பொறுப்பில் இருந்தவர் செல்வம்.

சத்தம் கேட்டு வந்த அவரே இப்போது அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். வெடுக்கென்று தாளைப் பிடுங்கிக் கிழித்தார்.

“லைன் கோளாறு. வெளியே மூச்சு விட்டா உனக்கு வேலை கிடையாது.”

மெஷின் முதல் எழுத்திலிருந்து மறுபடியும் அடித்தது.

அதையும் கிழித்தார்.

மறுபடியும்.

“கிழிங்க சார்,” என்றாள் பிலோமி. பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. “ரோல் நெறைய கீது.”

செல்வம் பாய்ந்து சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

ப்ளக் அவர் கையில் தொங்கியது. மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது.

பிலோமி தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கேட்டில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூட்டை தைக்கும் கோவிந்தம்மாவும் இருந்தாள். கடலோடு போன ஏழு பேரில் அவள் புருஷனும் ஒருத்தன். மூன்று வருஷமாகப் பிலோமியைக் கண்டாலே காறித் துப்புகிறவள். பிலோமி அவள் எதிரிலேயே போய் நின்று, மழையில் நனைந்துகொண்டு, தாளில் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் உரக்கச் சொன்னாள். தேதி, நேரம், சேதி, கடைசியில் எண்ணூர் பேர்.

கோவிந்தம்மா துப்பவில்லை. மாடி ஜன்னலில் நின்ற செல்வத்தையே பார்த்தாள்.

“இன்னொரு தபா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

பிலோமி இன்னொரு தரம் சொல்லி முடித்தாள். மேலே மெஷின் சத்தம் நின்றது.

அப்புறம் மணி அடித்தது. மூன்று தரம்.